முதல் ட்ரிப்

பஸ் ஸ்டாண்டில் நேரம் எழுதுகிறவனுக்கு ஊரில் மரியாதை கிடையாது. வண்டி நேரத்துக்கு வந்தால் டிரைவரைப் புகழ்வார்கள், தாமதமானால் என்னை முறைப்பார்கள். பதினேழு வருஷமாக அந்தத் தகரக் கூண்டுக்குள் உட்கார்ந்து இதைத்தான் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் நான் எழுதிய நேரங்களில் ஒன்றுகூடப் பொய் கிடையாது. ஒரே ஒரு நாள் சாயங்காலம் மட்டும் பொய் எழுதக் கை துறுதுறுத்தது. எழுதவிடாமல் தடுத்தது நீல வண்டியின் மெக்கானிக்.

நீல வண்டி ஒரு குடும்பத்துச் சொத்து. ஊரிலிருந்து மலை ரோட்டில் இறங்கி, ஆற்றோரத்து டவுனைத் தொட்டுவிட்டு மறுபடி ஏறி வரும். மத்தியானம் இரண்டு மணிக்குப் புறப்பட்டால் ஐந்தரைக்குத் திரும்ப வேண்டும். பெரிய ஆஸ்பத்திரி, கோர்ட்டு, காலேஜ் எல்லாம் கீழேதான் என்பதால் ஊரில் பாதிப் பேருக்கு அந்த வண்டியை விட்டால் கதியில்லை. ஓட்டுகிறவர் வீட்டு மாப்பிள்ளை. சீட்டுக்கு உறை தைப்பவர் மாமனார். வண்டிக்கு அடியில் படுத்திருப்பது மாமியார்.

அந்த மாமியாரைத்தான் ஊரே ஏரோப்ளேன் அக்கா என்று கூப்பிடும். நானும் அவளை அக்கா என்பேன், அவள் புருஷனான தையற்காரரை அண்ணே என்பேன். முறை இடிக்கிறதே என்று என் மனைவி பல தடவை சொல்லிப் பார்த்தாள். "ரெண்டு பேருக்கும் பொதுவா அவன் தம்பி. விடும்மா" என்று அக்காவே ஒரு நாள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

யுத்தம் நடந்தபோது அக்காவுக்குப் பத்தொன்பது வயது. ஆண்களெல்லாம் மேலே பறக்கப் போய்விட, கீழே ஸ்பானர் பிடிக்க ஆள் இல்லாமல் விமானப்படை பெண்களைச் சேர்த்தது. டைப் அடிக்கிற வேலை என்று வீட்டில் புளுகிவிட்டுப் போனாள். நாலு வருஷம் எஞ்சின் பிரித்தாள், பூட்டினாள். படையில் கொடுத்த காற்சட்டை ஆம்பிளைகளுக்கு வெட்டியது. அக்காவைப் போல் இரண்டு பேர் அதற்குள் நிற்கலாம். அதைப் பிடித்துத் தைக்க அனுப்பிய இடத்தில்தான் தையற்காரர் உட்கார்ந்திருந்தார். அவரும் அதே படைதான். யுத்தம் முழுக்க அவர் கையில் இருந்த ஆயுதம் ஊசி.

"ஒரு பேண்ட்டுக்கு மூணு மாசம் அளவு எடுத்த மனுஷன் உலகத்துலயே இவரு ஒருத்தர்தான்" என்று அக்கா சொல்வாள்.

"அது சுருங்குற துணி. அடிக்கடி பாக்க வேண்டியிருந்துச்சு" என்பார் அண்ணன், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே.

அந்த நாலு வருஷத்தில் அண்ணன் ஒரு தடவைகூட விமானத்தில் ஏறவில்லை. ரயிலடியிலிருந்து முகாமுக்கு வந்த லாரியிலேயே மூன்று முறை வாந்தி எடுத்த ஆள். நீல வண்டி வீட்டுக்கு வந்து இருபத்திரண்டு வருஷமாகியும் அவர் அதில் மலை இறங்கியது கிடையாது. உறை மாட்ட ஏறுவார், மாட்டியதும் இறங்கிவிடுவார். நிற்கிற வண்டியிலேயே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்வார்.

அக்கா முப்பத்தொரு தடவை பறந்திருக்கிறாள். முகாமில் ஒரு மீசைக்கார அதிகாரி இருந்தாராம். விமானத்தில் யார் கை வைத்தார்களோ அவர்கள் முதல் பறப்பில் அதிலேயே ஏறிப் போக வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். பைலட்டுக்குப் பின்னால் மடித்துப் போட்ட கித்தான்மேல் உட்கார்ந்து போய் வருவாள். யுத்தம் முடிந்ததும் நன்றி என்று அச்சடித்த காகிதம் ஒன்றைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கீழே பஸ் டிப்போவில் போய் வேலை கேட்டபோது, அங்கிருந்தவர் அந்தக் காகிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "டீ போட வர்றியாம்மா?" என்றாராம்.

"போட்டேன். நல்லா இருக்குன்னு குடிச்சாரு. அப்புறம் அவங்களால சரி பண்ண முடியாம ஓரங்கட்டி வச்சிருந்த நீல வண்டிய நான் ஓட்டிக்கிட்டு வந்துட்டேன்" என்று அக்கா கதையை முடிப்பாள். நடுவில் ஒன்பது வருஷமும் ஏகப்பட்ட சண்டையும் உண்டு. அதையெல்லாம் அவள் சொல்வதில்லை.

மீசைக்காரரின் சட்டத்தை அவள் தூக்கிக்கொண்டே வந்துவிட்டாள். வண்டியில் என்ன வேலை பார்த்தாலும் அடுத்த ட்ரிப்பில், டிரைவருக்குப் பின் சீட்டில், ஏப்ரனோடு ஏறிப் போவாள். அந்த ஏப்ரன் அண்ணன் தைத்தது. இடது பக்கம் கறுப்புப் பை, வலது பக்கம் வெள்ளைப் பை. கழற்றிய பழைய காட்டர் பின் கறுப்பில் விழும், போட வேண்டிய புதுசு வெள்ளையில் இருக்கும். காட்டர் பின் என்பது கொண்டை ஊசி அளவுச் சமாசாரம். அந்தக் காலத்து வண்டியில் பிரேக்கைக் கம்பிகள்தான் இழுக்கும். கம்பி சேருகிற மூட்டு ஒவ்வொன்றிலும் ஒரு பின்னைச் செருகி, இரண்டு காலையும் விரித்து மடக்குவார்கள். அது இல்லையென்றால் ஆட்டத்தில் மூட்டு நழுவிவிடும், அப்புறம் டிரைவர் மிதிப்பது வெறும் தகரம்தான். அக்கா டப்பாவிலிருந்து எட்டு எடுப்பாள். ஒவ்வொன்றின் காலிலும் கொறட்டால் ஒரு கடி கடித்து வெள்ளைப் பையில் போடுவாள். அடியில் போய் மாட்டிவிட்டு வந்து இரண்டு பையையும் தடவிப் பார்ப்பாள். கறுப்பில் பழையது எட்டு இருக்கணும், வெள்ளை காலியாக இருக்கணும். அப்புறம்தான் சுவரில் தொங்கும் சிலேட்டில் கையெழுத்து.

தையல் கடையும் ஒர்க்‌ஷாப்பும் ஒரே ஷெட்டுதான், முன் பாதி அவருக்கு, பின் பாதி அவளுக்கு. நடுவில் ஒரு பலகைச் சுவர். அவள் அந்தப் பக்கம் ஒன்று, இரண்டு என்று எண்ணுவது இந்தப் பக்கம் மெஷின் மிதிக்கிற அவருக்குக் கேட்கும். எட்டு என்று கேட்டதும் அவர் ஸ்டவ்வைப் பற்றவைத்து டீக்குத் தண்ணீர் வைப்பார். அந்த நேரம் பார்த்து நானும் கூண்டைப் பூட்டிக்கொண்டு போய்விடுவேன்.

மழை பிடித்த முதல் வாரத்தில் ஒரு நாள் எட்டு எண்ணியது கேட்டது, அக்கா வரவில்லை. போய்ப் பார்த்தால் வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை அவளைக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மறுநாள் திரும்பி வந்ததும் அண்ணன் வாசலிலேயே கேட்டார்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"நெஞ்சு கொஞ்சம் தளர்ந்து போச்சாம். தரையில மல்லாந்து படுத்துக்கிட்டு கையத் தூக்கி வேலை பாக்கக் கூடாதாம். சமைக்கலாமாம், துவைக்கலாமாம்." அக்கா செருப்பைக் கழற்றினாள். "சமைக்கிறதும் துவைக்கிறதும் மட்டும் நெஞ்சுக்கு ரொம்ப நல்லதாம். அவரு வீட்ல யாரு சமைக்கிறான்னு கேட்டேன். மாப்பிள்ளை என்னை இழுத்துக்கிட்டு வந்துட்டாரு."

"சிரிக்கிற விஷயமாம்மா இது?"

"அழுதா மட்டும் மூட்டு இறுகிடுமா?"

"வேற மெக்கானிக்கே ஊருல இல்லையா? கீழ டவுன்ல ரெண்டு பேரு இருக்கான்."

"இருக்கான். முதல் ட்ரிப்புல ஏறுவானா, கேட்டுச் சொல்லுங்க."

அண்ணன் அன்றைக்குக் கெஞ்சினார், கோபித்துக்கொண்டார், சாப்பிடாமல் உட்கார்ந்து பார்த்தார். அக்கா அவர் தட்டில் இருந்த ரொட்டியை எடுத்துத் தானே தின்றுவிட்டு, எனக்கும் மாப்பிள்ளைக்கும் கேட்கும்படியாகச் சொன்னாள்.

"இங்க பாருங்க. என் கண்ணோ கையோ ஒரே ஒரு தடவை தப்பு பண்ணிச்சுன்னா, அன்னைக்கே ஸ்பானரக் கீழ வச்சிடுறேன். நீங்க சொல்லவே வேணாம். அது வரைக்கும் இந்தப் பேச்ச எடுக்காதீங்க."

அவள் வார்த்தை எப்படி என்று அண்ணனுக்குத் தெரியும். அதனால்தான் விபரீதம் வந்தது.

இரண்டு வாரம் கழித்து, பிரேக் மூட்டுகளை மறுபடி பார்க்கிற நாள். காலையிலிருந்து பனிமூட்டம், தகரக் கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. பதினொன்றரைக்கு எட்டு என்ற சத்தம் கேட்டது. டீ குடிக்கப் போனேன். அக்கா பையைத் தடவிவிட்டு, சிலேட்டில் கையெழுத்துப் போட்டு, ஏப்ரனை ஆணியில் மாட்டிவிட்டு, மரத்தூளும் சோப்பும் போட்டு முழங்கை வரை தேய்த்துக் கழுவினாள். வீட்டுக்குள் போய் அவித்த உருளைக்கிழங்கும் முட்டையும் சாப்பிட்டாள். இரண்டு மணிக்கு ஏப்ரனை மறுபடி மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினாள். நாற்பத்தோரு பேர். நான் நேரத்தை எழுதினேன். அண்ணன் கடை வாசலில் நின்று கை காட்டினார். வழக்கமாக அவர் அப்படி வந்து நிற்கிறவர் இல்லை, எனக்கு அப்போது அது உறைக்கவில்லை.

ஐந்தரை ஆனது. ஆறு ஆனது. பனி இறங்கி, ஸ்டாண்டு விளக்கு வெறும் மஞ்சள் கறையாகத் தெரிந்தது. அண்ணன் கழுத்தில் டேப்பும் கையில் பாதி தைத்த கோட்டுக் கையுமாகக் கூண்டு வாசலில் வந்து நின்றார்.

"வண்டி வந்துடுச்சா?"

"வந்தா சத்தம் கேக்காதா அண்ணே? பனில மெதுவா வராங்க போல. உள்ள வாங்க, நனையாதீங்க."

"எவ்வளவு மெதுவா வந்தாலும் அரை மணிக்கு மேல ஆகாதே."

"டயரு கியரு பஞ்சர் ஆகியிருக்கும்."

அவர் என் ஸ்டூலில் உட்கார்ந்தார். கோட்டுக் கையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"தம்பி, நான் ஒரு காரியம் பண்ணித் தொலைச்சிட்டேன்."

"என்ன?"

"அவ கை கழுவப் போனப்ப, ஆணில தொங்குன ஏப்ரன்ல, வெள்ளைப் பையில ஒரு பின்னப் போட்டுட்டேன்."

எனக்குச் சட்டென்று புரியவில்லை.

"டப்பாலேருந்து எடுத்துப் போட்டேன்டா. வேலை முடிஞ்சு கையெழுத்தும் போட்டுட்டா. எட்டும் சரியாத்தான் இருக்கு, வண்டிக்கு ஒண்ணும் இல்ல. ராத்திரி ஏப்ரனத் துவைக்கப் போடும்போது பையக் குடைவா. ஒண்ணு மிச்சம் இருக்கும். 'பாத்தியாம்மா, ஒண்ண மறந்துட்ட, நல்லவேளை ஒண்ணும் ஆகல'ன்னு நான் சொல்லுவேன். அவளே ஸ்பானரக் கீழ வச்சிடுவா. வேற எப்படிடா நான் அவள நிறுத்துறது? நீயே சொல்லு. ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கம் எண்ணுறது நின்னு போயிடுமோன்னு மெஷின மிதிக்காம காதக் குடுத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்."

எனக்கு அவர்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் திட்ட வாய் வரவில்லை.

"அண்ணே, அக்கா வேலை முடிஞ்சதும் வெள்ளைப் பையில என்ன போடுவான்னு தெரியுமா உங்களுக்கு?"

"என்ன போடுவா? காலியாத்தானே இருக்கும்?"

"புளிப்பு மிட்டாய். வண்டி இறங்கும்போது காது அடைக்கும்ல, விமானத்துல போன காலத்துப் பழக்கம். ஏறும்போது என் கூண்டுல இருக்குற டப்பாலேருந்து ஒரு கை அள்ளிப் போட்டுக்குவா. மூணாவது வளைவு வந்தா ஒண்ண எடுத்து வாயில போடுவா."

முப்பது வருஷம் கூடக் குடித்தனம் நடத்திய மனுஷனுக்கு அது தெரியவில்லை. ஒரு தடவை அவளோடு மலை இறங்கியிருந்தால் தெரிந்திருக்கும்.

"அப்ப அவ கையில அது..." அண்ணன் எழுந்துவிட்டார். "வண்டிய நிறுத்தியிருப்பா. எல்லாரையும் இறக்கியிருப்பா. ஈர ரோட்டுல, அடியில போய்ப் படுத்திருப்பாடா."

படுத்திருப்பாள். அதில் எங்கள் இரண்டு பேருக்கும் சந்தேகமே இல்லை. எதற்குப் பயந்து அந்தப் பின்னைப் போட்டாரோ, அதைத் தன் கையாலேயே செய்து வைத்திருந்தார். அவர் வெளியே போய் ரோட்டின் நடுவில் நின்றுகொண்டார். கூப்பிட்டும் வரவில்லை. நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

ஏழு மணி தாண்டி ஹாரன் கேட்டது. வண்டி வந்து நின்றதும் ஆட்கள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். மாப்பிள்ளை ஓடி வந்து என்னிடம் சொன்னார்.

"கீழேருந்து வர லேட்டு இல்ல. போகும்போதே மூணாவது வளைவுல நிறுத்தச் சொல்லிட்டாங்க. எல்லாரையும் இறக்கி விட்டுட்டு, சக்கரத்துக்குக் கல்லு வச்சு, அடியில போய் எட்டு மூட்டையும் ஒவ்வொண்ணாத் தொட்டுப் பாத்தாங்க. ஒரு மணி நேரத்துக்கு மேல. நான் பாக்குறேன் அத்தைன்னா விடல. எட்டும் சரியா இருக்கு. வெளிய வந்தாங்க, எந்திரிக்க முடியல. ரெண்டு பேரு தூக்கி விட்டோம்."

அக்கா கடைசியாக இறங்கினாள். முதுகு முழுக்கச் சேறு. உதடு வெளுத்திருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று என்னைக் கேட்டாள்.

"என்ன நேரம் எழுதுன?"

"பனி இல்லையா அக்கா, அதனால அஞ்சரைன்னே..."

"உள்ளத எழுது. ஏழு இருபது. காரணம்னு ஒரு கட்டம் இருக்குல்ல, அதுல மெக்கானிக்னு எழுது."

எழுதினேன். அவள் ஏப்ரனிலிருந்து ஸ்பானரை உருவி அண்ணன் கையில் வைத்தாள். "இந்தாங்க. சொன்ன சொல்லு சொல்லுதான்" என்றாள். அவர் வாயைத் திறப்பதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து போய்விட்டாள். அன்றைக்கு இரவு என் வீட்டில் நான் சாப்பிட்டது என்னவென்று எனக்கு நினைவில்லை.

அதற்கப்புறம் அந்த வீட்டில் நடந்ததுதான் பெரிய தண்டனை. அக்கா கடையின் முன்பக்கம் உட்கார்ந்து பட்டன் தைத்தாள். எது கேட்டாலும் சரிங்க என்றாள். டீ வேணுமா என்றால் சரிங்க. ஜன்னலைச் சாத்தட்டுமா என்றால் சரிங்க.

"அவ வாயிலேருந்து சரிங்கன்னு நான் கேட்டதே இல்ல தம்பி" என்று அண்ணன் கூண்டுக்கு வந்து புலம்பினார். "கல்யாணத்துக்குச் சம்மதமான்னு கேட்டதுக்கே 'பாக்கலாம்'னுதான் சொன்னா. இப்ப நாளைக்கு நாப்பது தடவை சரிங்கங்குறா. கேக்கப் பயமா இருக்கு."

"போய் உண்மையச் சொல்லிடுங்க."

"சொன்னா என் மூஞ்சியில முழிப்பாளா?"

"இப்ப மட்டும் முழிக்கிறாங்களா?"

கீழே டவுனிலிருந்து ஒரு மெக்கானிக் வந்து வண்டியைப் பார்த்தான். வேலை முடிந்ததும், "நான் ஏறணுமா? எதுக்கு?" என்று சிரித்துவிட்டு, தன் சைக்கிளில் போய்விட்டான். மாப்பிள்ளை அன்றைக்கு வண்டியை நத்தை மாதிரி ஓட்டிக்கொண்டு போனார். அண்ணன் ஒரு கோட்டுக்கு இரண்டு கையும் இடது கையாகவே தைத்து வைத்தார். ஸ்கூல் டீச்சரான மகள் அதைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அப்பா, இதை யாரு போட்டுக்குவா?" என்று கேட்டாள். அவர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நேரே என்னிடம் வந்தார்.

"வாடா. நீ கூட இரு. தனியா சொல்ல எனக்குத் தைரியம் இல்ல."

பதினோராம் நாள் அது. அக்கா அடுப்படியில் பருப்பு சூப் கரண்டியால் கிண்டிக்கொண்டிருந்தாள். எனக்கும் ஒரு கிண்ணம் எடுத்து வைத்தாள்.

"ஏம்மா" என்றார் அண்ணன்.

"சொல்லுங்க."

"அந்தப் பின்ன நான்தான் போட்டேன். உன் பையில. நீ மறக்கவே இல்ல. நான் போட்டேன்."

அக்கா சூப்பை ஊற்றினாள். "உப்பு போதுமான்னு பாருங்க."

"நான் என்ன சொல்றேன், நீ என்ன கேக்குற?"

"காது நல்லாத்தான் கேக்குது. பதினோரு நாளாச்சு இது என் காதுல விழ. உப்பு போதுமா?"

அண்ணன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அக்கா அலமாரியிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து, அதிலிருந்த காட்டர் பின்னை மேசைமேல் வைத்தாள். பக்கத்தில் பழைய பின் ஒன்றையும் வைத்தாள்.

"ரெண்டையும் தடவிப் பாருங்க. என்னோடதுல கால்ல ஒரு கடி இருக்கும். கொறடு கடிச்ச கடி. இது வழுவழுன்னு இருக்கும். மிட்டாய்னு நெனச்சு எடுத்தேன், விரல்ல பட்டதுமே தெரிஞ்சு போச்சு, இது நான் போட்டது இல்லன்னு. என் ஏப்ரன்ல கை விடுற தைரியம் ஊருல வேற யாருக்கு இருக்கு?"

எனக்குப் பொறுக்கவில்லை. "தெரிஞ்சுமா அக்கா வண்டிய நிறுத்தின? நாப்பத்தோரு பேரு முன்னால, அந்த ஈரத்துல?"

அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என் விரலு சொல்லுது, இது என்னோடது இல்லன்னு. விரல நம்பி நாப்பத்தோரு பேர மலை இறக்கச் சொல்றியா? தம்பி, முகாம்ல ஒரு நாளு ஒரு விமானம் சண்டைக்குப் போச்சு. அது கிளம்பிப் போன இடத்துல, தரையில ஒரு பின்னு கிடந்துச்சு. நாங்க ஆறு பொண்ணுங்க. ஆளுக்கு ஒரு அடையாளம் வச்சிருந்தோம். ஒருத்தி ரெண்டு கடி, ஒருத்தி நுனிய வெட்டுவா, நான் ஒரு கடி. எடுத்துப் பாத்தோம். எந்த அடையாளமும் இல்ல. அப்பாடா, நம்மளோடது இல்லன்னு மூச்சு விட்டோம். ரேடியோல கூப்பிட்டுத் திரும்ப இறக்கச் சொல்லுங்கன்னு ஒருத்தியும் போய்ச் சொல்லல. நானும் சொல்லல. அதுல போனவங்க மூணு பேரு. வரல."

அண்ணன் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

"அந்தப் பின்னு கழண்டதாலதானா, குண்டு பட்டா, என்னன்னு இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. நம்மளோடது இல்லன்னு நான் சொன்னது மட்டும் எனக்குத் தெரியும். அதுக்கப்புறம் எந்தப் பின்னு கையில கிடைச்சாலும் அது என்னோடதுதான். யாரு போட்டிருந்தாலும் சரி."

அண்ணன் கண்ணைத் துடைத்தார்.

"அதே முகாம்லதானேம்மா நானும் இருந்தேன். என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லையே."

"நீங்க அளவு எடுக்குறதுல மும்முரமா இருந்தீங்க."

அவர் அழுதுகொண்டே சிரித்தார். நான் அவசரமாகச் சூப்பைக் குடித்துத் தொலைத்தேன், நாக்கு வெந்துவிட்டது.

"தெரிஞ்சுக்கிட்டே எதுக்கு ஸ்பானர என் கையில குடுத்த? உன் கைதான் தப்பு பண்ணலையே" என்று அண்ணன் கேட்டார்.

அக்கா மேசையில் சிந்திய சூப்பைத் துணியால் ஒற்றி எடுத்தாள்.

"நீங்க எப்ப வாயத் தொறக்குறீங்கன்னு பாக்கணும்னு இருந்துச்சு. அது ஒண்ணு. இன்னொண்ணு, அடியிலேருந்து வெளிய வந்தவுடனே என்னால எந்திரிக்க முடியலங்க. ரெண்டு ஆம்பளைங்க கையப் பிடிச்சுத் தூக்குனாங்க. கை தப்பு பண்ணல, நெஞ்சு பண்ணிடுச்சு. டாக்டரு சொன்னது சரி. நீங்க சொன்னதும் சரி. அத ஒத்துக்க எனக்குந்தான் பதினோரு நாளு ஆச்சு."

இப்படி அவள் எதையும் ஒத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. அண்ணன் அதைக் கேட்டுச் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் இன்னும் வாடிப்போனது. பலகைச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"படுக்கக் கூடாதுன்னுதானே சொன்னாரு? நிக்கக் கூடாதுன்னு சொல்லலையே?"

"வண்டிக்கு அடியில எப்படிங்க நிக்கிறது?"

"வண்டிய மேல தூக்க முடியாது. தரையக் கீழ எறக்கலாம்ல?"

மறுநாள் காலையில் தையற்காரர் மண்வெட்டியோடு ஷெட்டின் பின் பாதியில் நின்றார். ஊசி பிடித்த கை, முதல் நாளே கொப்புளம் போட்டுவிட்டது. மகள் துணி சுற்றிக் கட்டிவிட்டாள். மாப்பிள்ளை ட்ரிப் முடிந்து வந்து வெட்டினார், நானும் கூண்டைச் சாத்திவிட்டுப் போய் மண் சுமந்தேன். அக்கா நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இன்னும் ஒரு ஜாண். என் உயரம் உங்களுக்குத் தெரியாதா? மூணு மாசம் அளவு எடுத்தவருதானே" என்று மேல்பார்வை பார்த்தாள். சரிங்க என்கிற சொல் அந்த வீட்டை விட்டு ஒழிந்தது. பக்கச் சுவருக்குச் செங்கல், இறங்க ஆறு படி, களைத்தால் உட்கார ஒரு முக்காலி. டாக்டர் ஒரு நாள் வந்து குழிக்குள் எட்டிப் பார்த்தார். கனமானதை மாப்பிள்ளை தூக்க வேண்டும், அரை மணிக்கு ஒரு தரம் உட்கார வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா அதற்கு மட்டும் முணுமுணுத்தாள்.

பனி விலகிய ஒரு நாள், எட்டு மூட்டும் புதிதாக. அக்கா நின்றபடியே மாட்டினாள். ஒன்று, இரண்டு என்று பலகைக்கு அப்பால் எண்ணுவது கேட்டது. இந்தப் பக்கம் மெஷின் நின்றுவிட்டது. எட்டு என்றதும் அண்ணன் ஸ்டவ்வைப் பற்றவைத்தார், மூன்று தீக்குச்சி வீணானது.

இரண்டு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அவர் ஏப்ரனைக் கொண்டுவந்து கொடுத்தார். வெள்ளைப் பைக்கு மேல் ஒரு மூடி தைத்து, காஜா எடுத்து, பெரிய பட்டன் வைத்திருந்தார்.

"இனிமே எவனும் இதுல கை விட முடியாது" என்றார்.

அக்கா பட்டனை இழுத்துப் பார்த்தாள். அப்புறம் ஏப்ரனை அவரிடமே நீட்டினாள்.

"போட்டுக்குங்க."

"நானா?"

"இதுல கை வச்சது யாரு? நீங்க. குழி வெட்டுனது யாரு? நீங்க. அன்னைக்கும் கை வச்சீங்க, முதல் ட்ரிப்பு போகாம வாசல்ல நின்னு கை காட்டுனீங்க. ஏறுங்க."

"ஏம்மா, எனக்கு வயித்தப் பொரட்டும்மா."

"பக்கத்துல நான் இருக்கேன். தம்பி, அந்த மிட்டாய் டப்பாவ எடு."

பயணிகள் ஜன்னல் ஜன்னலாகத் தலையை நீட்டிப் பார்த்தார்கள். தையற்காரர் ஏப்ரனைக் கட்டிக்கொண்டார். அக்கா ஒரு கை மிட்டாய் அள்ளி வெள்ளைப் பையில் போட்டு, பட்டனை மாட்டிவிட்டாள். டிரைவருக்குப் பின் சீட்டில் அவரை ஜன்னலோரம் உட்கார வைத்து, தான் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் ஒரு கையால் கம்பியையும் இன்னொரு கையால் அவள் மணிக்கட்டையும் பிடித்திருந்தார். மாப்பிள்ளை கண்ணாடியில் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு வண்டியை எடுத்தார்.

அன்றைக்கு நான் கூண்டுக்குள் இருக்கவில்லை. நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டிலேயே நின்றேன். ஐந்து இருபத்தெட்டுக்கு வண்டி வளைவில் திரும்பியது. அண்ணன் முதல் ஆளாக இறங்கினார். முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது. நேரே என் கூண்டுக்குப் பின்னால் போய்விட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"எப்படிண்ணே இருந்துச்சு?"

அவர் படியில் நின்றிருந்த அக்காவைப் பார்த்துத்தான் சொன்னார்.

"மூணாவது வளைவுல மாப்பிள்ளை பிரேக்க மிதிச்சாரு. அடியில கம்பி இழுக்குறது என் கால்ல தெரிஞ்சுதும்மா. எட்டும் பிடிச்சுது. எண்ணிக்கிட்டே வந்தேன்."

அக்கா இறங்கி வந்து ஏப்ரன் பட்டனைக் கழற்றி, பையில் மிச்சமிருந்த ஒரே மிட்டாயை எடுத்து அவர் வாயில் போட்டாள். இரண்டு பேரும் ஷெட்டுக்குள் போனார்கள்.

நான் நேரத்தை எழுதினேன். நேரத்துக்கு வந்த வண்டிக்குக் காரணம் எழுதுகிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது, அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவோம். அன்றைக்கு மட்டும் அதில் மெக்கானிக் என்று எழுதினேன்.